யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

கடந்த டிசம்பரில் எங்கள் அலுவலகத்தின் நத்தார் அலங்காரப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்ட கையோடு, நலன்புரிச் சங்கத்திடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. பாதிக்கப்பட்ட மக்களின் துயரில் பங்கெடுக்கும் முகமாக இம்முறை போட்டி இல்லை, அதற்கு ஒதுக்கிய பணம் நிவாரணத்துக்குப் போகும் என்று சுருக்கமாக எழுதியிருந்தார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. 600 பேருக்கு மேல் இறந்து, மலையகத்தில் வீடுகளும் தோட்டத் தொழிலாளரின் லயங்களும் மண்ணோடு போயிருந்த நாட்கள் அவை. எந்தப் பிரிவு நன்றாக ஜிகினா தொங்கவிட்டிருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போட யாருக்கு மனம் வரும்? பணம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. நானும் கையிலிருந்ததைக் கொடுத்தேன். ஆனாலும் அந்த மின்னஞ்சல் மனதில் எங்கேயோ முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. இத்தனை மாதங்களுக்குப் பிறகு, ஏன் என்று எனக்கே விளங்கும் வரைக்கும் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொழும்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் போட்டிகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மே மாதம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குக் கடதாசி ஒட்டிய விளக்குக் கூடு, டிசம்பரில் நத்தார் அலங்காரம். ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் காசு தருவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புறக்கோட்டைக்கு ஓடி, கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் பேரம் பேசி, ரிசுப் பேப்பர், நூல், பசை, மின்குமிழ் மாலை எல்லாம் வாங்கி வருவோம். பரிசு என்று பார்த்தால் பிஸ்கட் டின்னும் கேக்கும் சொக்லட்டும் வைத்துக் கட்டிய ஒரு கூடை. அந்தக் கூடைக்காக நடக்கிற இழுபறிதான் பெரிது. எங்கள் கணக்குப் பிரிவு என்ன நிறம் எடுத்திருக்கிறது என்று பார்க்க விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் வரும். ஒரு கத்தரிக்கோலுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சண்டை நடக்கும். வருடம் முழுக்க "இன்வொயிஸ் எங்கே, கையெழுத்து எங்கே" என்பதைத் தவிர ஸ்டோர்ஸ் ஆட்களோடு எனக்குப் பேச்சில்லை. கூடு கட்டுகிற வாரத்தில்தான் யாருடைய பிள்ளை சோதனை எழுதுகிறது, யாருடைய அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை என்பதெல்லாம் தெரியவரும். ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியாது. மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுகிற வாரம் அது.

காரணம் இல்லாத வருடம் எது?

நிறுத்த வேண்டும் என்று நினைத்தால் இந்த நாட்டில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. 2016இல் வெசாக்குக்கு நாலு நாள் முன்பு அரநாயக்க மண்சரிவு. 2017இல் சித்திரைப் புத்தாண்டு அன்றே மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். வெசாக்குக்கு அப்போது ஒரு மாதம்கூட இருக்கவில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். 2020இலும் 2021இலும் கொரோனா, எல்லோரும் வீட்டுக்குள். 2022 மே 15 வெசாக் வந்தபோது பெற்றோல் வரிசை, மின்வெட்டு, காஸ் இல்லை. அந்த வருடம் பாடசாலைப் பரீட்சைத் தாள் அச்சடிக்கவே கடதாசி கிடைக்காமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள் என்பது ஞாபகமிருக்கும். 2025 வெசாக்குக்கு முதல் நாள் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதே வருடம் முடிவதற்குள் டித்வா. துக்கம் முடிந்த பிறகு கொண்டாடலாம் என்று இருந்தால், எங்கள் தலைமுறைக்கு ஒரு பண்டிகையும் மிஞ்சாது.

வெசாக் விடுமுறை எப்படி வந்தது என்று பார்த்தாலும் இதேதான். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். 1883 உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் ஊரில் ஒரு பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரமானது. தீபதுத்தாராமய விகாரைக்குப் போன ஊர்வலம் அது. விகாரையிலிருந்து கத்தோலிக்கரின் லூசியா பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கலவரத்துக்கு நியாயம் கேட்டுத்தான் 1884இல், இங்கே பௌத்தர்களுக்காக உழைத்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் லண்டனுக்குப் போனார். அங்கே வைத்த கோரிக்கைகளில் ஒன்றாக வெசாக் விடுமுறையும் இருந்தது. 1885 ஏப்ரல் 28, விடுமுறையோடு வந்த முதல் வெசாக் அன்று, அதே கொட்டாஞ்சேனை விகாரையில் பௌத்தக் கொடியை முதன்முதலாக ஏற்றினார்கள். அடிபட்ட ஊரிலேயே, இரண்டு வருடமும் ஒரு மாதமும் கழித்து, கொடி கட்டினார்கள். எங்கள் தெருவில் வெசாக் கூடு தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்படியானால் எதையுமே நிறுத்தக் கூடாதா? அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. 2019இல் வெசாக் போயா, அதாவது பௌர்ணமி, மே 18ஆம் திகதி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் போட்டி இல்லை என்று யாரும் அறிவிக்கவும் இல்லை, எப்போது போட்டி என்று யாரும் கேட்கவும் இல்லை. கொச்சிக்கடையில் சொந்தத்தைப் பறிகொடுத்தவர் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மே 18 எங்களில் சிலருக்கு ஏற்கெனவே விளக்கேற்றுகிற நாள். ஏன் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மௌனத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்து, தெரிந்து, தானாக அமைந்த மௌனம் அது. மின்னஞ்சலில் வந்ததல்ல.

ஸ்டோர்ஸ் ஐயே

2016க்கு வருகிறேன். மே 14, 15 வாக்கில் பிடித்த மழை விடவே இல்லை. களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல எல்லாம் தண்ணீருக்குள் போயின. 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை இறங்கி மூன்று கிராமங்களை மூடியது. வெசாக் 21ஆம் திகதி சனிக்கிழமை. எங்கள் கூடு கட்டும் போட்டி அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தது.

ஸ்டோர்ஸில் ஒருவர் இருந்தார். சிங்களவர், ஐம்பது வயதுக்கு மேல். நாங்கள் எல்லோரும் அவரை "ஐயே", சிங்களத்தில் அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். வீடு வெல்லம்பிட்டியில். தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மனைவியையும் இரண்டு மகள்மாரையும் ஒரு பாடசாலை மேல்மாடியில் விட்டுவிட்டு, கொம்பனி டீஷேர்ட்டும் யாரோ கொடுத்த சாரமுமாக வேலைக்கு வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, அங்கே இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார்.

அவர்தான் ஸ்டோர்ஸ் பிரிவின் கூடு கட்டுகிறவர். கடையில் வாங்குகிற அட்டைச் சட்டத்தைத் தொடவே மாட்டார். அலங்காரங்களுக்குப் பொலித்தீனை அரசாங்கம் தடை செய்தது 2017 செப்டெம்பரில். அதற்கு எவ்வளவோ முன்பே அவர் பொலித்தீனை ஒதுக்கிவிட்டார். சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் மூங்கில் கொண்டுவந்து, கத்தியால் ஒரே தடிப்பில் சீவி, கணுக்களை உப்புத்தாளால் தேய்த்து வைப்பார். பிறகு ஒரே அளவில் சதுரங்கள். அவற்றை மூலைக்கு மூலை நூலால் கட்டி, எட்டுப் பட்டையுள்ள அட்டபட்டக் கூட்டை எழுப்புவார். ஒரு சதுரம் கால் அங்குலம் பிசகினாலும் மேலே வரும்போது கூடு முழுவதும் கோணிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டையும் போட்ட பிறகு கூட்டை நூலில் தொங்கவிட்டு, சுழன்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். அந்த வருடச் சட்டம் வெள்ளத்துக்கு முன்பே முடிந்து, ஸ்டோர்ஸ் கூரையில், பெட்டிகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கடதாசி ஒட்டுவதுதான் பாக்கி.

வியாழக்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டார்கள். நலன்புரிச் சங்கச் செயலாளர், நல்ல மனிதர், குரல் தழுதழுக்க வாசித்தார்: நாட்டின் நிலைமையையும், குறிப்பாக எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவுச் சகோதரரின் நிலைமையையும் கருத்தில் கொண்டு போட்டி நிறுத்தப்படுகிறது. எல்லோரும் தலையாட்டினோம். சிலர் திரும்பி ஐயேயைப் பார்த்தார்கள். அவர் பின்வரிசையில் நின்றார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கத்தவில்லை. ஆனால் கோபம். "தண்ணீர் என் வீட்டில். இங்கே தண்ணீர் இல்லையே. கூடு நனையாமல் இருக்கிறது. போன இரண்டு வருடமும் மனிதவளம் எங்களை வென்றது. இந்த முறை விடுகிற எண்ணம் எனக்கு இல்லை." கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றும் சொன்னார்: "பாவம் பார்த்து எனக்கு முதல் பரிசு தரவும் கூடாது. முறையாகப் புள்ளி போட வேண்டும்."

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. செயலாளர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். சரி, நாளைக்கே வைப்போம் என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஈரக்காற்று. ஒட்டிய கடதாசி இறுகாமல் தொய்ந்தது. மாப்பசை காயவே இல்லை. ஸ்டோர்ஸ் பெரிய நிற்கும் மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஐயே ஒவ்வொரு முகத்தையும் அதன் முன்னால் பிடித்துக் காயவைத்தார். ஈர விரல் பட்டால் ரிசுப் பேப்பரின் சாயம் கரையும். அதனால் ஒரு பழைய துவாயை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளுக்கும் விரலைத் துடைத்துத் துடைத்து ஒட்டினார். எங்கள் பிரிவுக் கூட்டின் வால்களை வெட்டிக்கொண்டிருந்த நான் நடுநடுவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளையும் இளமஞ்சளும் மட்டும். உள்ளே ஒரே ஒரு குமிழ். மூங்கிலின் நிழல் கடதாசியில் விழ வேண்டும், அதற்குத்தான் மெல்லிய நிறம் என்று எனக்கு விளக்கினார்.

நடுவர்கள் வெளியிலிருந்து வந்த மூவர். முடிவில் மனிதவளப் பிரிவு மறுபடி முதலிடம், ஸ்டோர்ஸ் இரண்டாமிடம். அரைப் புள்ளி வித்தியாசம். ஐயே புள்ளித் தாளைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். புதுமை, நிறம், கருப்பொருள், சுத்தம் என்று நாலு கட்டம் இருந்தது. "சட்டம் கட்டியதற்குப் புள்ளி எங்கே?" என்று கேட்டார். அப்படி ஒரு கட்டமே இல்லை. மனிதவளத்தின் கூடு வாங்கிய அட்டைச் சட்டம், அதில் ஒட்டியது மட்டும்தான் அவர்கள் வேலை, என்னுடையது மூங்கிலிலிருந்து வந்தது, இரண்டுக்கும் ஒரே தாளில் எப்படிப் புள்ளி போடுவீர்கள் என்று நடுவர்களை விடாமல் பிடித்துக்கொண்டார். விற்பனைப் பிரிவு அவர் பக்கம் சேர்ந்தது. மனிதவளத்தில் ஒரு அக்கா கடதாசிப் பூ ஒன்றைக் கையில் பிடித்து, இதை மடிக்க எவ்வளவு நேரம் போனது தெரியுமா என்று கேட்டார். தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் வாக்குவாதம்.

நான் சுவரோரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் லிஃப்டில் அவரைக் கண்டவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரோ தன் பார்சலை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அன்புதான், ஆனால் அன்று முழுக்க அவர் எல்லோருக்கும் வெள்ளத்தில் வீடு போனவர். அந்த வாக்குவாதத்தின்போது மட்டும் அவர் அரைப் புள்ளியில் தோற்ற கூடு கட்டுகிறவராக இருந்தார். அவரோடு எதிர்த்துப் பேசினார்கள், விரல் நீட்டினார்கள், அவரும் நீட்டினார். போட்டியை நிறுத்தியிருந்தால் அதை அவருக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

மறுநாள் போயா அன்று லொறியில் பாய், பால்மா, தண்ணீர்ப் போத்தல் ஏற்றி வெல்லம்பிட்டிக்குப் போனார்கள். வெசாக்கில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலுக்குச் சேர்த்த அரிசியும் பருப்பும் அந்த வருடம் பல இடங்களில் முகாம்களுக்குத்தான் போயின. போட்டி நடந்ததால் லொறி போகாமல் இருக்கவில்லை. ஐயேயின் கூடு முகாமுக்குப் போகவில்லை. ஸ்டோர்ஸ் வாசலிலேயே தொங்கியது. நடுவர்களுக்குக் கூடு தெரியாது என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துக்க வீடும் பக்கத்து வீடும்

அப்பா போன வருடம் எங்கள் வீட்டில் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. ஆட்டைத் திவசம் முடியும் வரைக்கும் அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அது எங்கள் வழக்கம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டு மேசை வெறுமையாக இருக்கவில்லை. எதிர்வீட்டு மாமி முறுக்கும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்தார். பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும் வந்தது. மாமி எங்களுக்காகத் தன் வீட்டு அடுப்பை அணைக்கவில்லை. அவர் வீட்டில் பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுப் பூந்திரி கொளுத்தினார்கள், நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். முதல் நாள் சாயந்தரம் வேலியோரம் நின்று அம்மாவிடம் கேட்டார்: "கொண்டுவரட்டா? பிள்ளையளுக்குக் குடுக்கலாம்தானே?" அம்மா தலையாட்டினார். அம்மா வேண்டாம் என்றிருந்தால் மாமி கொண்டுவந்திருக்க மாட்டார், மனத்தாங்கலும் பட்டிருக்க மாட்டார்.

எங்கள் முன்னோர் துக்கத்தை எவ்வளவு நுட்பமாக ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். விலக்கு துக்க வீட்டுக்கு. அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. பக்கத்து வீட்டுக்கு இருப்பது விலக்கல்ல, கடமை: சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கிற கடமை. அதையும் கேட்டுச் செய்ய வேண்டும். டிசம்பர் மின்னஞ்சலில் என்னைத் தைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்து வீடு தன் அடுப்பை அணைத்துவிட்டு, உங்களுக்காகத்தான் அணைத்தோம் என்று துக்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது. வேலியடிக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பிரிவில் பதுளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி வேலை செய்கிறாள். வெள்ளவத்தையில் போர்டிங். தோட்டத்தில் அவர்களுடைய லயத்துக்கு மேலே மண் வெடித்து, ஆட்களைக் கோயில் மண்டபத்துக்கு ஏற்றிவிட்டார்கள். சில நாள் தொலைபேசித் தொடர்பே இல்லை. பிறகு எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நவம்பர் தொடங்கியதிலிருந்தே அவள் பழைய லெட்ஜர் தாள்களில் நட்சத்திரம் மடித்து ஒரு பெட்டி நிறையச் சேர்த்திருந்தாள். மின்னஞ்சல் வந்த அன்று அந்தப் பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டாள். ஐயேயின் கதையை அவளுக்குச் சொன்னேன். அவளும் அவரைப் போலத்தான் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"என்னைக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன் அக்கா," என்றாள். "எனக்கு ஏலாது. அம்மா மண்டபத்துல படுத்திருக்காங்க, நான் இங்க நட்சத்திரம் தொங்கவிடவா? ஆனா யாருமே கேக்கலயே. எங்களுக்காகன்னு போட்டிருக்கு. நான் இங்கதானே ரெண்டு மேசை தள்ளி உக்காந்திருக்கேன்."

அவள் பதில் ஐயேயின் பதிலுக்கு நேரெதிர். ஆனால் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இந்த வருட வெசாக்கைப் பற்றிப் பேச நலன்புரிச் சங்கம் கூடியபோது இதைச் சொன்னேன். எதையாவது நிறுத்துவதானால், அறிவிப்பை எழுதுவதற்கு முன்பு பாதிக்கப்பட்ட சக ஊழியர்களிடம் யாராவது நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றேன். இப்போதைய செயலாளர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "ஒருவர் நடத்துங்கள் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். அப்போது என்ன செய்வது?" என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. மண்டபத்தில் படுத்திருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் மேசைக்கு மேலே ஜிகினா தொங்கக் கூடாது, அவளை யாரும் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லக் கூடாது; கீழே ஸ்டோர்ஸில் ஒருவர் மின்விசிறி முன்னால் கூடு காயவைக்க வேண்டும் என்றால் அவரையும் தடுக்கக் கூடாது என்றேன். எங்கள் தெருவில் அப்படித்தானே நடந்தது. ஒரு வீட்டில் பூந்திரி, எதிர்வீட்டில் இருட்டு, நடுவில் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, முதலில் பிரிவுத் தலைவர்கள் நேரில் கேட்க வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். இரண்டாவதாக நான் கேட்டது புள்ளித் தாளைப் பற்றி. சட்டம் கட்டுவதற்கென்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், 10 புள்ளி. அதற்கு எதிர்ப்பு வரவில்லை.

தங்கச்சி வெசாக்குக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். மூங்கில் சீவப் பழக வேண்டுமாம். ஐயே ஓய்வுபெற்று வெல்லம்பிட்டியிலேயே இருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, கத்தி நான் தருகிறேன் என்றார். பிறகு புள்ளியைப் பற்றி விசாரித்தார். 10 என்றேன். போதாது, கூட்டில் பாதி வேலை சட்டம்தான், 20 ஆவது வேண்டும் என்றார். அடுத்த கூட்டத்தில் 20 கேட்கப்போகிறேன்.